‘த ட்விஸ்ட்’ யாருடைய பாட்டு?

மார்ச் 2. வாசகர் கேள்வி

அமெரிக்கப் பாடகர் சப்பி செக்கர் பாடிய ‘த ட்விஸ்ட்’ என்ற ஆட்டப் பாட்டு அவருடைய பாட்டே இல்லை, ஹாங்க் பாலர்ட் என்ற கறுப்பினப் பாடகரிடமிருந்து திருடியது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். டிக் கிளார்க் என்ற தொலைக்காட்சிக்காரர் செய்த சதியாம். உண்மையா? அந்தப் பாட்டின் மூலம் எது?

மார்ச் 2, இரவு

திருட்டு இல்லை. முதலில் அந்தச் சொல்லைத் தள்ளி வைத்துவிடுவோம்.

முதலில் வெளியான பதிவு பாலர்டுடையது. ஹாங்க் பாலர்ட் அண்ட் த மிட்நைட்டர்ஸ் குழு 1958 நவம்பர் 11 அன்று சின்சினாட்டியில் பதிவு செய்தது. கிங் ரெக்கார்ட்ஸ் 1959இல் வெளியிட்டது. செக்கர் பாடியது 1960 கோடையில் பிலடெல்பியாவின் பார்க்வே லேபிளில் வந்தது. இரண்டு இசைத்தட்டிலும் இயற்றியவர் என்று அச்சாகியிருப்பது பாலர்டின் பெயர்தான். வெளியான பாட்டை இன்னொருவர் மறுபடி பாடிப் பதிவு செய்ய அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. தட்டு விற்க விற்க இயற்றியவருக்கு ராயல்டி சேர வேண்டும், அவ்வளவுதான்.

செக்கரும் கறுப்பினத்தவரே. இயற்பெயர் எர்னஸ்ட் எவன்ஸ். 1941இல் தென் கரோலினாவில் பிறந்து, தெற்குப் பிலடெல்பியாவில் வளர்ந்து, கோழிக்கறிக் கடையில் வேலை பார்த்தபடி பாடித் திரிந்த பையன். கறுப்பினத்தவர் பாட்டை வெள்ளையர் பாடிப் பணம் பார்த்த கதைகள் அந்தக் காலத்தில் ஏராளம். இது அந்த வரிசையில் வராது.

மூலம் எது என்பதுதான் நீளமான கேள்வி. அதற்கு நாளை வருகிறேன்.

மார்ச் 3, காலை

பாலர்ட் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. 1927இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். அலபாமாவில் பெஸ்ஸமர் என்ற ஊரில் உறவினர் வீட்டில் வளர்ந்தார், தேவாலயத்தில் பாடினார், மறுபடி டெட்ராய்ட் வந்து ஃபோர்டு தொழிற்சாலையில் கார் பூட்டும் வரிசையில் நின்றார். 1953இல் த ராயல்ஸ் என்ற குழுவில் சேர்ந்தார். அடுத்த வருடம் அதுதான் மிட்நைட்டர்ஸ் ஆனது. 1954இல் ‘வொர்க் வித் மீ, ஆனி’. ஆபாசம் என்று சொல்லிப் பல வானொலி நிலையங்கள் ஒதுக்கின. ஆர் அண்ட் பி (கறுப்பின இசை) விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதே ஆனியை வைத்து அடுத்தடுத்துப் பாட்டுகள் வந்தன, ஓடின. அப்புறம் சில வருடங்கள் ஒன்றும் எடுபடவில்லை. ‘த ட்விஸ்ட்’ பதிவான நேரத்தில் பாலர்ட் ஒரு வெற்றிக்காக ஏங்கிக்கொண்டிருந்த ஆள். இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் அந்தக் குரலின் அவசரம் புரியும்.

கிங் ரெக்கார்ட்ஸ் ஒரு தனி உலகம். சிட் நேதன் 1943இல் தொடங்கியது. பதிவுக்கூடம், தட்டு அச்சடிக்கும் இயந்திரம், உறை அச்சிடும் அச்சகம் எல்லாம் ஒரே இடத்தில். காலையில் பாடினால் சில நாளில் கடைக்கு அனுப்பிவிடலாம். அந்த அமர்வைக் கவனித்தவர் ஹென்றி குளோவர். பாலர்ட் ‘த ட்விஸ்ட்’தான் ஓடும் என்றார். குளோவருக்குப் பிடித்தது அவர் தாமே எழுதிய ‘டியர்டிராப்ஸ் ஆன் யுவர் லெட்டர்’ என்ற மெதுவான காதல் பாட்டு. அது முன்பக்கம் வந்தது, ட்விஸ்ட் பின்பக்கம் போனது.

குளோவரைத் திட்டி எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிய முடிவுகள் எடுக்கும் இடத்தில் கறுப்பினத் தயாரிப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருப்பதே அரிதாக இருந்த காலம். அவர் முன்பக்கம் வைத்த பாட்டு ஆர் அண்ட் பி பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. கணக்குப்படி அவர் எடுத்தது சரியான முடிவு. பின்பக்கம் தானாகவே கிளம்பிப் போகும் என்று யார் கண்டார்கள்?

மார்ச் 3, மாலை

டிக் கிளார்க் சதி பற்றி.

பால்டிமோரில் பட்டி டீன் என்பவர் இளவட்டங்களை ஆடவிட்டுத் தட்டுப் போடும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார். அங்கே பிள்ளைகள் பாலர்டின் பின்பக்கப் பாட்டுக்கு விடாமல் ஆடினார்கள். டீன் கிளார்க்கிடம் சொன்னார். கிளார்க் பிலடெல்பியாவிலிருந்து ‘அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்’ நடத்தியவர்; 1957 ஆகஸ்ட் முதல் அது நாடு முழுக்கத் தெரிந்த நிகழ்ச்சி. பாலர்டை அழைக்கப் பார்த்தார், தேதி ஒத்துவரவில்லை. உள்ளூரிலேயே ஒருவரைப் பாடவைக்கலாம் என்று கேமியோ-பார்க்வே நிறுவனத்திடம் போனார். அங்கே எவன்ஸ் இருந்தார். பிறர் குரலைப் போலவே பாடிக்காட்டுவதில் கெட்டிக்காரர். 1959இல் ‘த கிளாஸ்’ என்று வெளிவந்த அவருடைய தட்டே அந்த வித்தையை வைத்துச் செய்ததுதான். பாடகர் ஃபேட்ஸ் டாமினோ பெயரை வைத்துச் சப்பி செக்கர் என்ற பெயரைச் சூட்டியவர் கிளார்க்கின் மனைவி.

பின்னணியில் த ட்ரீம்லவர்ஸ் குழு கோரஸ், பட்டி சாவிட் சாக்ஸஃபோன், எல்லிஸ் டாலின் ட்ரம்ஸ். 1960 ஆகஸ்ட் 6 சனிக்கிழமை கிளார்க்கின் இரவு நிகழ்ச்சியில் செக்கர் ஆடிக் காட்டினார். செப்டம்பர் 19 தேதியிட்ட பில்போர்ட் பத்திரிகையின் ஹாட் 100 என்ற பாட்டுப் பட்டியலில் முதலிடம்.

கிளார்க் தரப்பையும் சொல்லவேண்டும். தட்டுகளை ஒலிபரப்பக் காசு வாங்கும் விவகாரத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை நடந்துகொண்டிருந்த காலம். தொலைக்காட்சியா, இசை வியாபாரமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று தொலைக்காட்சி நிறுவனம் சொன்னதால் அவர் 1959 கடைசியிலேயே தன் இசைப் பங்குகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளூர் நிறுவனத்தின் மேல் அவருக்குச் சாய்வு இருந்தது, மறுக்கவே முடியாது. அதைச் சதி என்று சொல்ல மாட்டேன்.

பாலர்ட் பிற்காலத்தில் அடிக்கடி சொன்ன ஒரு கதை உண்டு. மயாமியில் நீச்சல் குளத்தில் இருக்கும்போது வானொலியில் ‘த ட்விஸ்ட்’ வந்ததாம். கடைசியில் நம் பாட்டு ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டாராம். கேட்டது செக்கர் குரல்! தன் குரல் என்று தானே நம்பும் அளவுக்கு அச்சு அசலாக இருந்தது.

மார்ச் 5

பாலர்டுக்கு அது எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மிட்நைட்டர்ஸ் குழுவின் கிதார் கலைஞர் கால் கிரீன், டெக்சஸ்காரர். அவர் சொல்லிப் பதிவான கதை இது: பாட்டின் அடிப்படை யோசனையைக் கொடுத்தவர் ஜோ ஜோ வாலஸ், சென்சேஷனல் நைட்டிங்கேல்ஸ் என்ற காஸ்பெல் (தேவாலயப் பக்திப் பாட்டு) குழுவில் பாடியவர். ஃபுளோரிடாவில் டாம்பா நகரில் இரண்டு குழுவும் தங்கியிருந்தபோது நடந்தது. இடுப்பை வளைத்து ஆடுகிற பாட்டு ஒன்று வாலஸ் கைவசம் இருந்தது. தேவனைப் பாடும் குழுவில் இருந்துகொண்டு அவர் அதைப் பாட முடியாது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார்.

காஸ்பெல் பாடகருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்று நாம் உணர்வது கஷ்டம். சாம் குக் 1956இல் முதல் முறையாகக் காதல் பாட்டுப் பதிவு செய்தபோது டேல் குக் என்று பெயரை மாற்றிப் போட்டார்கள். சபைகள் கதவடைத்துவிடும் என்ற பயம். வாலஸ் எந்த மாற்றுப் பெயரையும் தேடவில்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அதே குழுவில் பக்திப் பாட்டே பாடினார்.

கிரீனும் பாலர்டும் 1958 தொடக்கத்தில் வீ-ஜே நிறுவனத்துக்காக இதன் தளர்வான ஒரு வடிவத்தைப் பாடி வைத்தார்கள். வரிகள் கொஞ்சம் வேறு. கிரீனின் கிதார் ஜிம்மி ரீட் பாணியில் சோம்பலாக உருண்டு போகும். ரீட் அந்த நிறுவனத்தின் பெரிய ப்ளூஸ் நட்சத்திரம். வீ-ஜே அதை அப்போது வெளியிடவில்லை. நவம்பரில் கிங்கில் பதிவானபோது பாட்டு இறுகி, வேகம் எடுத்துவிட்டது.

மார்ச் 6

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு “அப்படியானால் வாலஸ்தான் மூலம்” என்று இங்கே ஒருவர் முடித்துவிட்டார். அவசரப்பட வேண்டாம். வாலஸ் கொடுத்தது ஆட்டத்தைப் பற்றிய யோசனையும் சில வரிகளும். மெட்டு வேறு வழியில் வந்தது.

பின்னோக்கிப் போங்கள். 1957இல் மிட்நைட்டர்ஸ் ‘இஸ் யுவர் லவ் ஃபார் ரியல்’ என்று ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு அதன் மேல் ட்விஸ்ட் வரிகளைப் பாடிப் பாருங்கள், அப்படியே உட்காரும். அதுவும் அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த மெட்டு இல்லை. 1955இல் கிளைட் மக்ஃபேட்டர் முன்னின்று பாட, த ட்ரிஃப்டர்ஸ் குழு ‘வாட்சா கொன்னா டூ’ என்று வெளியிட்டிருந்தது. இயற்றியவர் என்று அட்லாண்டிக் நிறுவனத்தின் அஹ்மத் எர்டெகுன் தன் பெயரைத் திருப்பிப் போட்ட நுகெட்ரே என்ற புனைபெயரில் இருப்பார். அதற்கும் முன்னால் நாஷ்வில் நகரத்தின் த ரேடியோ ஃபோர் என்ற காஸ்பெல் குழு அதே பெயரில் பாடிய பாட்டு இருக்கிறது.

ஆக வரி டாம்பாவில் ஒரு காஸ்பெல் பாடகரிடமிருந்து வந்தது. மெட்டும் நாஷ்வில்லில் ஒரு காஸ்பெல் குழுவில் போய் நிற்கிறது. உலகத்தையே இடுப்பை ஆட்டவைத்த பாட்டுக்கு இரண்டு வேரும் தேவாலயத்துக்குள் போகின்றன. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து

“12 பார் ப்ளூஸ் எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும், இதில் மெட்டு வம்சாவளி எங்கே வந்தது?” நியாயமான கேள்வி.

கிதார் வாசிப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு: பார் என்பது நான்கு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று, கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள், ஊர்க் கார்டு என்றால் பாட்டு தொடங்கித் திரும்பி வந்து சேரும் கார்டு. முதல் நான்கு பார் ஊர்க் கார்டு, இரண்டு பார் நான்காம் கார்டு, இரண்டு பார் திரும்பி ஊருக்கு, அப்புறம் ஐந்து, நான்கு, கடைசி இரண்டு பார் ஊர். ஆயிரக்கணக்கான பாட்டுகள் இந்தச் சட்டத்தில் நிற்கின்றன. அது யாருக்கும் சொந்தம் கிடையாது, இருக்கவும் கூடாது. நான் ஒப்பிடுவது சட்டத்தை அல்ல. குரல் எங்கே நுழைகிறது, எந்த இடத்தில் கோரஸ் பதில் சொல்கிறது, வரியின் கடைசி அசையை எப்படி இழுத்துவிடுகிறார்கள் என்பதை. ட்ரிஃப்டர்ஸ் பாட்டில் மக்ஃபேட்டர் கேள்வியை வீசுவதும் கோரஸ் அதைப் பிடிப்பதும் எந்த அடியில் விழுகின்றனவோ, பாலர்டிடமும் ஏறக்குறைய அங்கேயே விழுகின்றன. கார்டு ஒற்றுமை தற்செயலாக வரும். மூச்சு விடும் இடம் வரை ஒத்துப்போவது தற்செயல் இல்லை.

மார்ச் 9

நான் பல வருடங்கள் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிதார் வாசித்தவன். மதுரைப் பக்கம் கல்யாணம், கோயில் திருவிழா, கல்லூரி விழா. அதனால் இந்தப் பேச்சு எனக்கு ஏட்டுச் சமாச்சாரம் இல்லை.

ஆடி மாதம் அம்மன் கோயில் கச்சேரி என்றால் முதல் ஒரு மணி நேரம் பக்திப் பாட்டு. அதில் பாதி, சினிமா மெட்டில் அம்மன் வரிகளை உட்காரவைத்தது. கார்த்திகையில் ஐயப்பன் பாட்டும் அதே கதை. கூட்டத்துக்கு மெட்டு ஏற்கெனவே பழக்கம், முதல் வரியிலேயே கை தட்டுவார்கள். மேடையில் நாங்கள் யாரும் அதைக் களவு என்று நினைத்ததில்லை, சாமியார் வீட்டுப் பிள்ளைகளிலிருந்து டிரைவர் அண்ணன் வரை எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். அமெரிக்காவில் ஓட்டம் எதிர்த்திசை: தேவாலயத்தில் பிறந்த மெட்டு ஆட்டக் கூடத்துக்குப் போனது. வண்டி இரண்டு பக்கமும் ஓடும் சாலைதான். அங்கே மட்டும் ஒரு பக்கம் போனால் பாவம் என்று பலகை வைத்திருந்தார்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு நான் போட்டுவைத்த தொடக்க இசை எங்கள் குழுவில் ரொம்பப் பேர் வாங்கியது. பின்னால் வேறொரு குழுவின் கேசட்டில் அதை அப்படியே கேட்டேன். உறையில் இசை அமைப்பு என்று அந்தக் குழுத் தலைவர் பெயர். காசு பெரிதாக ஒன்றும் வந்திருக்காது. ஆனாலும் தேநீர்க்கடையில் அது ஒலிக்கும்போது வயிறு எரிந்தது. இன்றும் அந்த எரிச்சல் முழுதாகப் போகவில்லை.

அதனால்தான் எனக்குக் கால் கிரீன் விஷயத்தில் மனம் ஆறவில்லை. பாலர்டுக்குப் பெயரும் ராயல்டியும் உண்டு, செக்கருக்குப் புகழ் உண்டு. கிதாரை வைத்துக்கொண்டு உடன் உட்கார்ந்து அந்தப் பாட்டை உருட்டி வடிவம் கொடுத்தவர் பெயர் தட்டில் இல்லை.

மார்ச் 10

பாட்டை விடுங்கள், ஆட்டம் யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள்.

யாருடையதும் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் தடம் இருக்கிறது. 1913இல் வந்த ‘பாலிங் த ஜாக்’ பாட்டு, ஆடுவது எப்படி என்று வரியிலேயே சொல்லித்தரும். முழு பலத்தோடு உடலைத் திருகிச் சுற்று என்பதும் அதில் ஒரு கட்டளை. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் பாட்டு என்ற வகையே அங்கிருந்து செழித்தது.

இன்னொன்று, இதை யாராவது கவனித்திருக்கிறீர்களா? ‘த ட்விஸ்ட்’ பாட்டில் தங்கச்சி ஒருத்தி வருகிறாள், அவளுக்கு ட்விஸ்ட் ஆட நன்றாகத் தெரியும் என்று. ஜெல்லி ரோல் மார்ட்டன் நியூ ஆர்லியன்ஸ் காலத்துப் பழைய ப்ளூஸ் ஒன்றைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார். அதில், அம்மா, அம்மா, தங்கச்சியைப் பார், ஆற்றங்கரை மேட்டில் இரட்டை ட்விஸ்ட் ஆடுகிறாள் என்று வரும். அதே தங்கச்சி, அதே ஆட்டம், ஆங்கிலத்தில் அதே எதுகை. மார்ட்டன் பாடியது 1930களின் கடைசியில், நினைவிலிருந்து எடுத்தது அதற்கும் முந்தைய காலத்திலிருந்து. பாலர்ட் மார்ட்டனைக் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. அந்த எதுகை ப்ளூஸ் பாடகர்களின் வாயில் ஊரூராகச் சுற்றிக்கொண்டிருந்தது. தாலாட்டிலும் தெம்மாங்கிலும் ‘மாமன் மகன்’ எப்படிப் பாட்டுக்குப் பாட்டு வந்துபோகிறானோ, அந்தத் தங்கச்சியும் அப்படித்தான் வந்திருக்கிறாள்.

மார்ச் 10, இரவு

யாரோ கேட்ட ஒரு விவரம் விட்டுப்போனது. பட்டி டீன் நிகழ்ச்சியில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடினார்களா? இல்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்கு என்று தனி நாள் ஒதுக்கினார்கள். சேர்ந்து ஆடவிட வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தபோது, அப்படி நடத்துவதைவிட நிகழ்ச்சியையே நிறுத்துவது மேல் என்று 1964 ஜனவரியில் மூடிவிட்டார்கள். இருவர் கை கோக்காமல், தொடாமல், எதிரெதிரே நின்று ஆடும் ஆட்டம் அங்கே அத்தனை வேகமாகப் பரவியதை இந்தத் தகவலோடு சேர்த்து யோசியுங்கள்.

மார்ச் 14

செக்கர் பதிவு இரண்டு தடவை முதலிடம் வந்தது தெரியுமா என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தெரியும், அதைப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது.

1960இல் முதலிடம் கொடுத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். செக்கரே வேறு ஆட்டங்களுக்குப் பாடிக்கொண்டிருந்தார். 1961இல் நியூயார்க்கில் 45ஆம் தெருவில் பெப்பர்மின்ட் லவுஞ்ச் என்ற சின்ன மதுக்கூடத்தில் ஜோயி டீ அண்ட் த ஸ்டார்லைட்டர்ஸ் வாசிப்பதைக் கேட்கப் பெரிய மனிதர்கள் வரத் தொடங்கினார்கள். நடிகர்கள், பணக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள். பத்திரிகையில் படம் வந்தது, நாடெங்கும் பெரியவர்கள் ஆடக் கிளம்பிவிட்டார்கள். பழைய தட்டை மறுபடி சந்தைக்கு விட, 1962 ஜனவரி 13 பட்டியலில் மறுபடி முதலிடம், இரண்டு வாரம். அதை இறக்கியது ஜோயி டீயின் ‘பெப்பர்மின்ட் ட்விஸ்ட்’. பட்டியலை விட்டே போய்விட்ட தட்டு திரும்பி வந்து முதலிடம் பிடிப்பது ஹாட் 100 பட்டியலில் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் யாருக்கும் வாய்க்கவில்லை. 2008இல் பில்போர்ட் அந்தப் பட்டியலின் 50 வருடக் கணக்கைப் போட்டபோது மொத்தத்தில் முதல் பாட்டு என்று வந்தது இதுதான்.

பெரியவர்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது? எளிது. கற்றுக்கொள்ள ஒரு நிமிடம் போதும். சிகரெட்டைக் காலால் அணைப்பது போலவும், குளித்துவிட்டுத் துண்டால் முதுகைத் துடைப்பது போலவும் செய்யுங்கள் என்று செக்கர் தரப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். ஜோடி வேண்டாம். தப்பாக ஆட முடியாது. மேடையிலிருந்து நான் பார்த்ததையே சொல்கிறேன்: வரவேற்பு நிகழ்ச்சியில் ட்விஸ்ட் தாளம் போட்டால் முதல் எழுவது ஐம்பது வயதுக்காரர்கள். டிஸ்கோவுக்கு எழாத பெரியப்பாக்கள் இதற்கு எழுவார்கள். மறுநாள் முழங்கால் வலி என்று சொல்வார்கள், அடுத்த கல்யாணத்திலும் எழுவார்கள்.

மார்ச் 15

உங்கள் பேச்சில் கிளை பிரிந்து இந்தி சினிமாவின் ட்விஸ்ட் பாட்டுகளுக்குப் போய்விட்டீர்கள், பரவாயில்லை. 1965இல் வந்த ‘பூத் பங்களா’வில் ஆர்.டி. பர்மன் இசையில் மன்னா டே பாடிய ட்விஸ்ட் பாட்டு, செக்கரின் 1961 பாட்டான ‘லெட்ஸ் ட்விஸ்ட் அகெய்ன்’ வாசனையோடு இருக்கும். கவனியுங்கள், அது ‘த ட்விஸ்ட்’ அல்ல. வெளிநாடுகளில் பல இடங்களில் இரண்டாவது பாட்டுதான் அதிகம் போய்ச் சேர்ந்தது. நம் ஊர் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் ‘ட்விஸ்ட் பீட்’ என்று சொல்வதும் அந்த இரண்டாவது பாட்டின் நடைக்குத்தான் நெருக்கம்.

மார்ச் 21

இந்த வாரம் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு இரண்டு பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். நீச்சல் குளக் கதையை எழுதும்போது ‘அச்சு அசல்’ என்றேன். பாடும் முறைக்கு அது பொருந்தும். தட்டாகக் கேட்டால் இரண்டும் இரண்டு ஊர்.

பாலர்ட் பதிவில் குழு ஒரு அறையில் நெருக்கி நின்று வாசிப்பது கேட்கிறது. கிதார் முன்னால் இருக்கிறது, குரலில் ஒரு குறும்பு. அப்பா தூங்குகிறார், அம்மா வீட்டில் இல்லை என்ற வரியை அவர் பாடும்போது அது வெறும் ஆட்டத்துக்கான அழைப்பு இல்லை என்று யாருக்கும் புரியும். ‘ஆனி’ பாடியவர் அல்லவா. செக்கர் அதே வரியைப் பாடும்போது பதினெட்டு வயதுப் பையன் பெரியவர் பார்க்காத நேரத்தில் குதிக்கக் கூப்பிடுகிறான், அவ்வளவே. ட்ரம்ஸ் கூர்மையாக, நேராக அடிக்கிறது. சாக்ஸஃபோன் பளிச்சென்று இருக்கிறது. ஆடத் தெரியாதவனுக்கும் அடி எங்கே விழுகிறது என்று தெரிகிற மாதிரிச் செய்திருக்கிறார்கள்.

இத்தனை நாள் நானும் மூலம்தான் உசத்தி, நகல் சாயம் போனது என்ற பக்கம் சாய்ந்தே கேட்டுவந்தேன். இப்போது டாலினின் ட்ரம்ஸுக்கு மரியாதை கூடியிருக்கிறது. ஆட்டப் பாட்டு என்றால் ஆடவைக்க வேண்டும். அந்த வேலையைச் செக்கர் தட்டு இன்னும் சுத்தமாகச் செய்கிறது. தனியாக உட்கார்ந்து கேட்பதென்றால் பாலர்டைத்தான் எடுப்பேன்.

செக்கரின் வெற்றியில் பாலர்டுக்கும் பங்கு கிடைத்ததை மறக்கக் கூடாது. 1960இல் கிங் நிறுவனம் அவருடைய பதிவை மறுபடி தள்ளியது. பாப் பட்டியலில் 28ஆம் இடம் வரை போனது. அதே வருடம் அவருடைய ‘ஃபிங்கர் பாப்பின் டைம்’ ஏழாம் இடம். பாலர்ட் 1990இல் ராக் அண்ட் ரோல் புகழவையில் சேர்க்கப்பட்டார், 2003இல் மறைந்தார். செக்கரை அங்கே சேர்க்க 2025 வரை எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தாமதம் எனக்குப் புரியவே இல்லை. பாடிய பாட்டு தன்னுடையது இல்லை என்பதற்காக ஒதுக்கினார்கள் என்றால், அந்த அவையில் பாதி நாற்காலிகள் காலியாக வேண்டும்.

மார்ச் 22

“எந்த வரிசையில் கேட்பது?” என்று கேள்வி கேட்ட நண்பரே மறுபடி வந்திருக்கிறார்.

செக்கரிலிருந்து தொடங்காதீர்கள், அது ஏற்கெனவே உங்கள் காதில் இருக்கிறது. ரேடியோ ஃபோர் முதலில். வரிகளைக் கவனிக்க வேண்டாம், கோரஸ் எங்கே நுழைகிறது என்று மட்டும் விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். உடனே ட்ரிஃப்டர்ஸ், அதே தட்டலோடு. அப்புறம் ‘இஸ் யுவர் லவ் ஃபார் ரியல்’. இந்த மூன்றும் முடிந்ததும் பாலர்டின் வீ-ஜே பதிவு. அது பின்னால் வந்த தொகுப்புகளில் கிடைக்கிறது. அதில் பாடுபவரை விட்டுவிட்டுக் கிரீனின் கிதாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழ்க் கம்பிகளில் அவர் உருட்டும் அந்த நடைதான் கிங் பதிவில் வேகம் கூடி வருவது. கடைசியாகச் செக்கர், கொஞ்சம் சத்தமாக, எழுந்து நின்று.

உங்கள் நண்பரையும் கூட உட்காரவைத்துக் கேளுங்கள். திருட்டு என்று அப்போதும் அவர் சொன்னால், யாரிடமிருந்து யார் திருடியது என்று வரிசையாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதை இங்கே போடுங்கள், பேசுவோம்.